போஸ்ட்டாக் சேரும் முன்: எதை எடுத்துக்கொண்டு வெளியேறப் போகிறீர்கள்?

நீங்கள் கேட்டது இதுதான்: புற்றுநோய் உயிரியலில் பிஎச்.டி. இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது. இரண்டு இடங்களிலிருந்து போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி) அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, நாற்பது பேர் வேலை செய்கிற, பெயர் சொன்னாலே துறையில் எல்லோருக்கும் தெரிகிற ஆய்வகம். மற்றொன்று, இளம் பேராசிரியர் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய, ஆறே பேர் கொண்ட ஆய்வகம். எதில் சேரலாம்? அதற்கும் முன்னால், போஸ்ட்டாக் போகத்தான் வேண்டுமா?

நான் இரண்டு போஸ்ட்டாக் செய்தவன். முதலாவது கசந்து முடிந்தது. இரண்டாவதன் தயவில் இன்று சொந்தமாக ஒரு சிறிய ஆய்வுக் குழுவை நடத்துகிறேன். ஆகவே என் பதிலில் சார்பு இல்லாமல் இருக்காது. அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சொந்த ஆய்வகம் அமைக்க வேண்டும், நீங்களே கேள்வி கேட்டு நீங்களே நிதி திரட்டி ஆராய வேண்டும் என்பது ஆசையானால், உயிர்மருத்துவத் துறையில் போஸ்ட்டாக்கைத் தாண்டிக் குதிக்க அநேகமாக வழியில்லை. மருந்து நிறுவனத்துக்கோ, அறிவியல் எழுத்துக்கோ, காப்புரிமைத் துறைக்கோ, தரவு ஆய்வுக்கோ போகும் எண்ணம் இருந்தால், பெரும்பாலும் தேவையில்லை. ‘எதற்கும் இருக்கட்டும், இரண்டு வருடம் போய்ப் பார்ப்போம்’ என்று போகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஷுலாமிட் கான், டோனா கின்தர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை அமெரிக்கக் கணக்கில் காட்டியது. போஸ்ட்டாக் செய்துவிட்டுக் கல்வித்துறைக்கு வெளியே வேலைக்குப் போனவர்களின் சம்பளம், போஸ்ட்டாக் செய்யாமல் நேரே போனவர்களின் சம்பளத்தை எட்டிப் பிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. வெளியுலகம் அந்த அனுபவத்துக்குத் தனியாக விலை கொடுக்கவில்லை.

இந்தப் பதவியின் இடம் எப்போதுமே இரண்டுங்கெட்டான். மாணவருமில்லை, ஊழியருமில்லை. 2007இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமும் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் சேர்ந்து இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தன: முனைவர் பட்டம் பெற்றவர், ஒரு வழிகாட்டியின் கீழ், குறிப்பிட்ட காலத்துக்குப் பெறும் பயிற்சி. இலக்கணம் வகுத்தார்களே தவிர, ஆட்களை எண்ணிவிட முடியவில்லை. 2012இல் அதே சுகாதார நிறுவனத்துக்காகத் தயாரான அறிக்கை, நாட்டில் உயிர்மருத்துவ போஸ்ட்டாக்குகள் 37,000க்கும் 68,000க்கும் நடுவே எங்கோ இருக்கலாம் என்றது. ஆய்வகத்தில் ஒவ்வொரு எலிக் கூண்டுக்கும் ஓர் அட்டை தொங்கும். பிறந்த தேதி, மரபணு வகை, யாருடைய எலி என்பதெல்லாம் அதில் இருக்கும். எலியை எண்ணத் தெரிந்தவர்களுக்கு எங்களை எண்ணத் தெரியவில்லை என்று அப்போது நாங்கள் சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

இனி உங்கள் முதல் கேள்வி. பெரிய ஆய்வகமா சிறியதா என்பதைவிட முந்திக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கிருந்து கிளம்பும் நாளில் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள்? கட்டுரைகளையும் பரிந்துரைக் கடிதத்தையும் சொல்லவில்லை. எந்த ஆராய்ச்சிப் பிரச்சினை உங்களுடையதாக உங்களோடு வெளியே வரும் என்று கேட்கிறேன். பேராசிரியர் பணிக்கான நேர்காணலில், ‘உங்கள் தலைவர் இதே வேலையைத் தொடர்ந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று ஒருவராவது கேட்டே தீருவார். அதற்குப் பதில் இல்லாதவருக்கு எத்தனை பெரிய ஆய்விதழில் கட்டுரை இருந்தும் பயனில்லை.

என் முதல் போஸ்ட்டாக்கில் இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பெயர் பெற்ற ஆய்வகம், இரண்டு மாடிகளில் முப்பத்தைந்து பேர். செல் பிரியும்போது ஒரு புரதம் எங்கே போய் உட்காருகிறது என்பது எனக்குக் கொடுத்த வேலை. ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு வாராந்திரக் கூட்டத்தில் மேல்மாடிக்காரர் தன் வெஸ்டர்ன் பிளாட் படத்தை, அதாவது புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் படத்தை, திரையில் போட்டார். அந்தப் பட்டையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. 55 கிலோடால்டன் என்ற எடைக் குறிக்குச் சற்று மேலே, இடது ஓரம் லேசாகத் தூக்கி, கீழே அந்த எதிர்ப்பொருளுக்கே உரிய மங்கலான இரண்டாவது கோடு. பதினெட்டு மாதமாக நான் தினமும் பார்த்துவந்த பட்டை அது. எங்கள் இருவரிடமும் தலைவர் ஒரே கேள்வியைக் கொடுத்திருந்தார். போய்க் கேட்டபோது கோபப்படவில்லை, மறுக்கவுமில்லை. ‘யார் முடித்தாலும் ஆய்வகத்துக்கு நல்லதுதானே’ என்றார். மேல்மாடிக்காரர் எனக்கு நான்கு மாதம் முன்னால் முடித்தார். கட்டுரையில் என் பெயர் நான்காவதாக வந்தது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கும் அந்தக் கூட்டத்தில்தான் விஷயம் தெரிந்தது.

கிளம்பிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மைனஸ் 80 பாகை உறைபெட்டியில் எனக்கென்று ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. ஒன்பதுக்கு ஒன்பது, 81 குழி. மூடிகளில் என் கையெழுத்து. பாதி பனியில் அழிந்திருந்தது. ஆய்வக மேலாளர் கையில் ஒரு தாளோடு நின்று, ஒவ்வொரு குழாயாகப் பார்த்து, எதை எடுத்துப் போகலாம் என்று குறித்துக்கொண்டே வந்தார். ஏழு குழாய்கள் தேறின. ஏழுமே எங்கும் விலைக்குக் கிடைக்கிற பிளாஸ்மிட்கள் (வட்ட வடிவ டிஎன்ஏக்கள்).

இரண்டாவது ஆய்வகத்துக்குப் பேசப் போனபோது நான் முதலில் கேட்டதே இதைத்தான். அந்தப் பேராசிரியர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம், ‘இவை என் நல்கை (ஆய்வு நிதி) விண்ணப்பத்தில் இருப்பவை, இவற்றை நான் விடமாட்டேன்’ என்று நான்கு வரி எழுதினார். வலப்பக்கம் இரண்டே வரி. ‘இவற்றில் எது பலித்தாலும் நீங்கள் கொண்டுபோகலாம், மூன்று ஆண்டு நான் அதைத் தொடமாட்டேன்’ என்றார். அன்று மாலை அதையே மின்னஞ்சலாக அனுப்பினார். எழுதித் தந்தார் என்பதைவிட, கேள்வி அவருக்கு விநோதமாகப் படவில்லை என்பதுதான் என் மனதைத் தொட்டது. ஐந்து ஆண்டு கழித்து நான் கிளம்பியபோது, நானே உருவாக்கிய எலி வகையும் செல் வரிசைகளும் என்னோடு வந்தன. இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே பொருள் மாற்ற ஒப்பந்தம் கையெழுத்தாகத்தான் மூன்று மாதம் பிடித்தது. நீங்கள் கிளம்பும்போது அதை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். வக்கீல்கள் நம் காலண்டரைப் பார்த்து வேலை செய்வதில்லை.

ஒருவர் கையில் இருப்பதும் ஆய்வகத்தில் இருப்பதும் சரியாகப் பொருந்தும்போது என்ன ஆகும் என்பதற்கு எலிசபெத் பிளாக்பர்ன் நல்ல உதாரணம். கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கரின் ஆய்வகத்தில் டிஎன்ஏ வரிசையைப் படிக்கக் கற்றுக்கொண்டவர், 1975இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் காலிடம் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தார். காலிடம் டெட்ராஹைமினா இருந்தது. குளத்து நீரில் வாழும் ஒரு செல் உயிரி அது. அதற்குள் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி டிஎன்ஏ துண்டுகள் உண்டு. துண்டுகள் அதிகமென்றால் முனைகளும் அதிகம். முனையைப் படிக்க ஆசைப்பட்டவருக்கு முனைகளின் புதையலே கிடைத்ததுபோல ஆயிற்று. ஆறு எழுத்துத் தொடர் ஒன்று அந்த முனைகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு 1978இல் இருவரும் வெளியிட்டார்கள். பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். பிளாக்பர்ன் பெர்க்லிக்குப் போனபோது அந்தக் கேள்வி அவரோடு போயிற்று. அங்கே அவருடைய மாணவி கரோல் கிரைடர் 1984இல், அந்த டிஎன்ஏ முனைகளை நீட்டும் டெலோமரேஸ் என்ற நொதியின் தடயத்தை முதன்முதலில் கண்டார். 2009இல் இருவருக்கும் நோபல் பரிசு.

அதே 2009இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனும் யேலில் போஸ்ட்டாக் செய்தவர்தான். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, உயிரியலை மாணவராக மறுபடி தொடங்கி, 1978இல் பீட்டர் மூரிடம் போய், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைக் கற்றார். போஸ்ட்டாக் முடிந்து ஏறக்குறைய ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தும் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் ஆகிய தேசிய ஆய்வகங்களில் வேலை பார்த்தார். ரைபோசோமை மட்டும் கைவிடவில்லை. மூரிடமிருந்து அவர் எடுத்துவந்த சொத்து அதுதான்.

சரி, பெரியதா சிறியதா? புதிய ஆய்வகம் என்றால் சுதந்திரம் அதிகம் இருக்கும், பெரிய ஆய்வகம் என்றால் நாம் காணாமல் போவோம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எடுத்துப்போவதைப் பொறுத்தவரை நான் கண்டது பெரும்பாலும் நேர்மாறு. மூன்று ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியரிடம் நல்ல யோசனை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நிரந்தரப் பதவிக்கான மதிப்பீடு தலைக்கு மேல் தொங்கும். உங்களிடம் எவ்வளவு அன்பு இருந்தாலும் அதைத் தூக்கிக் கொடுக்க அவரால் முடியாது. கொடுத்தால் அவர் கதி என்ன? பெரிய ஆய்வகத் தலைவருக்கோ யோசனைகள் உபரி. ஒன்றைக் கொடுத்து அனுப்பினால் துறையில் அவருடைய வாரிசு ஒருவர் கூடுகிறார், அவ்வளவுதான். ஆனால் அங்கே என் கதை நடக்கும் அபாயமும் உண்டு. சிறிய ஆய்வகத்தில் வேறொரு லாபம்: தலைவர் உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பிப்பெட் பிடிப்பார். நல்கை விண்ணப்பம் எழுதுவது, மதிப்பீட்டாளருக்குப் பதில் சொல்வது, ஆள் எடுப்பது எல்லாவற்றையும் கண்ணெதிரே பார்த்துக் கற்கலாம். நாற்பது பேர் ஆய்வகத்தில் தலைவரைத் தனியாகச் சந்திக்க ஆறு வாரம் காத்திருக்க நேரலாம்.

பொதுவிதி பேசி உங்கள் இரண்டு அழைப்புகளைத் தீர்மானிக்க முடியாது. விசாரிக்க வேண்டும். ஆய்வக இணையதளத்தில் முன்னாள் உறுப்பினர் பட்டியல் இருக்கும். கடைசி எட்டுப் பத்து போஸ்ட்டாக்குகளை எடுத்து, எப்போது வந்தார், எப்போது போனார், முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை, இப்போது எங்கே இருக்கிறார் என்று நீங்களே கட்டம் போட்டுப் பாருங்கள். சிலருடைய பெயர் பழைய கட்டுரைகளில் இருக்கும், பட்டியலில் இருக்காது. முதலில் எழுத வேண்டியது அவர்களுக்குத்தான். தலைவர் தானாகத் தரும் மூன்று பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பேசும்போது ‘நல்ல ஆய்வகமா?’ என்று கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். ‘நீங்கள் போகும்போது என்ன எடுத்துப் போனீர்கள்?’ என்று கேளுங்கள். நேரில் போகும் நாளில், தலைவர் இல்லாமல் உறுப்பினர்களோடு சாப்பிடுகிற அரை மணி நேரம் எல்லாவற்றையும்விடப் பெரிது. இருவர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னால், அந்தப் பார்வையையும் பதிலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிதி எப்போது தீர்கிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்க ஆய்வகமானால் தேசிய சுகாதார நிறுவனத்தின் ரிப்போர்ட்டர் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பேராசிரியர் பெயரைப் போட்டாலே எந்த நல்கை எந்தத் தேதியில் முடிகிறது என்று வந்துவிடும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். என்னிடம் வருகிறவர் கேட்டால் எனக்கு மரியாதை கூடுகிறது.

முடிந்தால் சொந்த உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் சம்பளம் உங்கள் பெயரில் வரும்போது, நான் சொன்ன அந்தத் தாளின் வலப்பக்கத்தில், நீங்கள் கொண்டுபோகக்கூடியவற்றின் வரிகள் கூடும். இவற்றில் பல, இடம் மாறுகிறவருக்கே கிடைக்கும். ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் உதவித்தொகைக்கு நாடு மாற வேண்டும், பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்கைத் தலைமையிடமாகக் கொண்ட மனித முன்னணி அறிவியல் திட்டம் மூன்று ஆண்டு தருகிறது. நாட்டோடு ஆய்வுத் திசையையும் மாற்றச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகையில், போகிற நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனத்தின் எஃப்32 உதவித்தொகை குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். ஆனால் அதே நிறுவனத்தின் கே99 நல்கை வெளிநாட்டவருக்கும் உண்டு; அதுவே பேராசிரியர் பதவிக்குப் பாலம். அதற்கு போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது நீண்டகால விதி. விதிகள் மாறுவதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே நம்புங்கள்.

அந்த நான்கு ஆண்டில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. பட்டம் வாங்கியபின் ‘மிச்சக் கட்டுரையை முடித்துவிட்டுப் போகிறேன்’ என்று பழைய ஆய்வகத்திலேயே போஸ்ட்டாக் என்ற பெயரில் எட்டு மாதம் தங்கினால், அந்த எட்டு மாதமும் கணக்கில் ஏறிவிடும். என் மாணவி ஒருவர் இப்படித்தான் கடைசிச் சுற்று விண்ணப்பத்தை இழந்தார். கட்டுரையை முடித்துவிட்டு ஆய்வேட்டைச் சமர்ப்பியுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில், தலைவரின் நல்கையிலிருந்து சம்பளம் வாங்கும்வரை நீங்கள் ஊழியர். ஓய்வூதியப் பங்களிப்பு வரும், வரி தானாகப் பிடிக்கப்படும். போட்டியிட்டு ஜெயித்துச் சொந்த உதவித்தொகை வாங்கிய மறுநாள் நீங்கள் ஊழியர் அல்லாதவர் ஆகிவிடலாம். ஓய்வூதியப் பங்களிப்பு நிற்கும், வரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கட்ட வேண்டும். பரிசு வாங்கியவருக்குத் தண்டனை. ஏற்கும் முன் பல்கலைக்கழகத்தின் போஸ்ட்டாக் அலுவலகத்தில் எது நிற்கும், எது தொடரும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; எங்கும் படிப்புக்கு ஏற்றதாக இல்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2024இல் முதலாண்டு போஸ்ட்டாக்குக்கு நிர்ணயித்த தொகை 61,008 டாலர். அதற்கு முந்தைய டிசம்பரில் அதன் ஆலோசனைக் குழு, குறைந்தது 70,000 டாலர் வேண்டும் என்றும், போஸ்ட்டாக் காலம் ஐந்து ஆண்டைத் தாண்டக் கூடாது என்றும் பரிந்துரைத்திருந்தது. 2022இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் போஸ்ட்டாக்குகளும் இறங்கினார்கள். கால வரம்பு வேறு இடங்களில் சட்டமாகவே இருக்கிறது. ஜெர்மனியில் 2007 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி பட்டத்துக்குப் பின் தற்காலிக ஒப்பந்தங்களில் பொதுவாக ஆறு ஆண்டு, மருத்துவத்தில் ஒன்பது ஆண்டு. அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் ஆய்வறிஞராகப் போனால் ஐந்து ஆண்டு. சேரும் நாளிலேயே இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எலி வேலை என்றால் முதல் ஆண்டு இனப்பெருக்கத்திலேயே போய்விடும் என்பதையும் சேர்த்து.

போன இடம் சரியில்லை என்று ஆறாம் மாதமே தெரிந்துவிட்டால்? பெரும்பாலோர் மூன்றாம் ஆண்டு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். நானும் இருந்தேன். ஓராண்டுக்குள் விலகினால் தன்விவரத்தில் ஒரு வரியில் விளக்கிவிடலாம். மூன்று ஆண்டு வெறுமையை விளக்குவது கடினம். விசா தலைவரின் கையெழுத்தில் தொங்குவதால் வெளிநாட்டவருக்கு விலகுவது எளிதல்ல என்பது உண்மைதான். அதனால்தான் முன்கூட்டிய விசாரணைக்கு இத்தனை இடம் கொடுத்தேன்.

உங்கள் இரண்டு பேராசிரியர்களுக்கும் இந்த வாரமே ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். அழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டு இரண்டு கேள்விகள்: ‘நான் தொடங்கப்போகும் வேலையில் இப்போது வேறு யாராவது இருக்கிறார்களா? சொந்த ஆய்வகம் அமைக்கும்போது இதில் எந்தப் பகுதியை நான் கொண்டுபோகலாம்?’ யார் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறார், எழுத்தில் சொல்கிறாரா, ‘தொலைபேசியில் பேசுவோம்’ என்கிறாரா என்று கவனியுங்கள். பதில்கள் வந்தபின் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். நாற்பது பேர் ஆய்வகத்தின் முன்னாள் உறுப்பினர்களைக் கட்டம் போட்டிருந்தால் அதையும் அனுப்புங்கள். பட்டியலில் விடுபட்ட பெயர்களைத் தேடிப்பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு.